பிரேக்கர் பாரும் எம்.சி.பி. பெட்டியும்: இரண்டையும் ஒரே கையால் முறுக்கியவனின் சந்தேகம்

மாடிவீட்டான்:

இரண்டு கேள்விகளை ஒரே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இரண்டிலும் 'பிரேக்கர்' என்ற சொல் வருகிறது என்பதைத் தவிர அவற்றுக்குள் வேறு உறவு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

முதலாவது கார். பின்சக்கரம் ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. ஐந்து நட்டுகளில் நான்கு வந்துவிட்டன. ஐந்தாவது அசையவே மறுத்தது. ராட்செட் (ஒரு பக்கம் மட்டும் பிடித்து, மறுபக்கம் சும்மா சுற்றும் திருகி) கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி இழுத்தேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அதன்பிறகு அந்த ராட்செட் இரண்டு பக்கமும் சும்மாவே சுற்றுகிறது. மறுநாள் 60 செ.மீ. நீளமுள்ள பிரேக்கர் பார் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரே இழுப்பு, நட்டு முனகிக்கொண்டே வந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியில் அதே கம்பியால் ஐந்து நட்டுகளையும் திரும்ப முறுக்கி வைத்தேன், இனி யார் நினைத்தாலும் கழலக்கூடாது என்று. இது சரிதானா?

இரண்டாவது வீடு. டி.பி. பெட்டியில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இருந்த பழைய எம்.சி.பி.கள் (மின்னோட்டம் அளவை மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சர்க்யூட் பிரேக்கர்கள்) ஆறையும் மாற்றினேன். முன்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துண்டு ஒயர்களால் பேஸ் (மின்சாரம் வரும் முனை) கொடுத்திருந்தார்கள். அவற்றை எடுத்துவிட்டுச் சீப்புப் போல் பல் வைத்த செம்புப் பட்டையான பஸ்பார் போட்டேன். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது எம்.சி.பி. மட்டும் தொல்லை தருகிறது. அது வாட்டர் ஹீட்டருக்கானது. 20 ஆம்பியர், சி வகை. ஹீட்டரைப் போட்டு முப்பது நாற்பது நிமிடங்களில் விழுந்துவிடுகிறது. ஹீட்டர் 3 கிலோவாட், மின்னழுத்தம் 230 வோல்ட், ஆக 13 ஆம்பியர்தான் ஓடுகிறது. ஒயர் 2.5 சதுர மி.மீ. செம்பு. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் விழும் கருவி) விழுவதில்லை. ஸ்க்ரூ தளர்ந்திருக்க வாய்ப்பே கிடையாது. கார் அனுபவத்துக்குப் பிறகு, ஸ்க்ரூ டிரைவரின் தண்டைக் குறடால் பிடித்து எல்லாவற்றையும் முறுக்கியிருக்கிறேன்.

32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிட்டால் பிரச்சினை தீருமா?

அவசரக்காரன்:

ஹீட்டர் எலிமெண்ட் போய்விட்டது. மாற்றுங்கள், சரியாகிவிடும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

கம்பிச்சுருள்:

முதலில் அந்த 32 ஆம்பியர் எண்ணத்தை இறக்கி வையுங்கள். அதை இப்போதே சொல்லிவிட வேண்டும், மற்றவை பொறுக்கலாம்.

எம்.சி.பி. ஹீட்டரைக் காப்பதற்கு இல்லை, ஒயரைக் காப்பதற்கு இருக்கிறது. வீட்டு எம்.சி.பி.களுக்கான ஐ.இ.சி. 60898 என்ற சர்வதேசத் தரத்தின்படி, தன் அளவைப் போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் வரை அது விழாமல் தாங்க வேண்டும். 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 32 ஆம்பியருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 36 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கும். 46 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். சுவருக்குள் குழாயில் மற்ற ஒயர்களோடு நெருக்கியடித்துக் கிடக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயர் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பாடுபடும்? காய்ச்சல் அடிக்கிறது என்பதற்காக வெப்பமானியை மாற்றுவது போன்றது நீங்கள் கேட்பது.

இரண்டாவது, ஹீட்டர் இணைப்பை இன்றே அணைத்து வையுங்கள். காரணம் தெரியும்வரை போட வேண்டாம். 13 ஆம்பியர் ஓடும் 20 ஆம்பியர் எம்.சி.பி. நாற்பது நிமிடத்தில் விழுகிறது என்றால், அதற்குள் எங்கிருந்தோ வேறு சூடு வருகிறது.

எலிமெண்ட் என்று சொன்ன நண்பருக்கு: எலிமெண்டின் உறை விரிசல் விட்டுத் தண்ணீரில் கசிந்தால் முதலில் விழ வேண்டியது ஆர்.சி.சி.பி.; 30 மில்லி ஆம்பியர் கசிவே அதற்குப் போதும். எலிமெண்ட் அறுந்துபோனால் எதுவும் விழாது, தண்ணீர் சூடாகாது, அவ்வளவுதான். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் நாற்பது நிமிடம் காத்திருக்காது, கண் இமைக்கும் முன் விழும். நன்றாக உள்ள 3 கிலோவாட் எலிமெண்டின் மின்தடை 17.6 ஓம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் ஒரு நிமிட வேலை.

அவசரக்காரன்:

எங்கள் வீட்டில் எலிமெண்ட் மாற்றியதும் நின்றுவிட்டது என்பது உண்மை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கம்பிச்சுருள்:

எலிமெண்டை மாற்ற வந்தவர் ஒயரைக் கழற்றித் திரும்ப ஒழுங்காக மாட்டியிருப்பார். நின்றதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நெம்புகோல்:

மின்சாரத்தை அறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் தொழில் சக்கரத்தோடு, எனவே நட்டு வழக்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி, ராட்செட் உடைந்ததற்கு நீங்கள் வருந்த வேண்டாம், ராட்செட்தான் உங்களை நினைத்து வருந்த வேண்டும். அதற்குள் சின்னஞ்சிறு பற்சக்கரம் ஒன்றும், அதைப் பிடிக்கும் ஒரு கொக்கியும் இருக்கின்றன. மொத்த விசையும் இரண்டு மூன்று பற்களின் மீது நிற்கிறது. வேகமாக முறுக்குவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது; இறுகிப்போனதைப் பெயர்ப்பதற்கு இல்லை. பிரேக்கர் பாரில் பல்லும் இல்லை, கொக்கியும் இல்லை. ஒரு நீண்ட கம்பி, முனையில் மடங்கும் ஒரு தலை, அவ்வளவுதான். உடைவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாததுதான் அதன் பலம்.

கணக்கு எளிது. 60 செ.மீ. கம்பியின் நுனியில் முப்பது கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால், நட்டின் மீது ஏறக்குறைய 180 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை விழுகிறது. பல சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு வேண்டியது 100 முதல் 120 வரை. உங்கள் காரின் சரியான எண் அதன் கையேட்டில் இருக்கும், அதையே நம்புங்கள். நீங்கள் எவ்வளவு இழுத்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. "கழலக்கூடாது" என்று நினைத்துக்கொண்டு இழுக்கிறவன் முப்பது கிலோவோடு நிறுத்தியிருக்க மாட்டான்.

போல்ட் என்பது மிகக் கடினமான ஒரு சுருள்வில். அளவாக இழுத்தால் நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும்; அந்தச் சுருங்கும் ஆசைதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அளவு மீறினால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். அப்புறம் அதில் பிடிப்பு இருக்காது. ஒரு நட்டு அதிகம், ஒரு நட்டு குறைவு என்று முறுக்கினால், சக்கரத்தின் பின்னால் இருக்கும் பிரேக் தட்டும் கோணிக்கொள்ளலாம்.

பிரேக்கர் பார் கழற்றுவதற்கு மட்டும். முறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச், அதாவது குறித்து வைத்த முறுக்குவிசை வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் திருகி. டார்க் ரெஞ்சால் கழற்றவும் கூடாது, அதன் கணக்கு கெட்டுவிடும். இந்தப் பிரிவினையை மட்டும் மீறாதீர்கள்.

செய்யும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சக்கரம் தரையில் இருக்கும்போதே, கை பிரேக்கைப் போட்டுவிட்டு, நட்டுகளைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதன்பிறகுதான் ஜாக்கி. தூக்கி நிறுத்திய காரில் தொங்கிக்கொண்டு பிரேக்கர் பாரை இழுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. சாக்கெட் (நட்டின் மேல் கவிழும் குவளை) ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை உள்ளது நட்டின் மூலைகளை வழித்துவிடும். சாக்கெட் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பியை உங்களை நோக்கி இழுங்கள், தள்ளாதீர்கள். தள்ளும்போது நட்டு திடீரென்று விட்டுக்கொடுத்தால் முகம் போய்த் தகட்டில் மோதும். கால் ஒன்றைப் பின்னால் ஊன்றிக்கொள்ளுங்கள். விசை படிப்படியாக ஏறட்டும், உதற வேண்டாம். அசையவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். குழாய் செருகி நீளத்தைக் கூட்டும் யோசனை வரும்போது, உடையப்போவது நட்டா, சாக்கெட்டா, உங்கள் பல்லா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: ஐந்தையும் தளர்த்தி, மரையைத் துடைத்து, நட்சத்திர வரிசையில், அதாவது ஒன்றை விட்டு ஒன்றாக, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

புதுவரவு:

ஒரு அடிப்படைச் சந்தேகம். கம்பிச்சுருள் ஐயா, ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும். அப்படியென்றால் எம்.சி.பி. விழக்கூடாதுதானே? மின்னோட்டம் அதிகமானால்தானே அது விழும்?

கம்பிச்சுருள்:

நல்ல கேள்வி. இந்த இழையின் முதுகெலும்பே அதுதான்.

எம்.சி.பி.க்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கம்பிச்சுருள் (என் பெயரை அங்கிருந்துதான் எடுத்தேன்). குறுக்குச் சுற்றில் பெருவெள்ளம் போல மின்னோட்டம் வந்தால், அதன் காந்த விசையே நெம்புகோலைத் தட்டிவிடும். பி வகையில் அளவைப் போல் 3 முதல் 5 மடங்கு, சி வகையில் 5 முதல் 10 மடங்கு, டி வகையில் 10 முதல் 20 மடங்கு. இன்னொருவர் ஈருலோகப் பட்டை. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு அது. சூடானால் வளையும், போதுமான அளவு வளைந்தால் கொக்கியை விடுவிக்கும். இந்த இரண்டையும் ஒரே சிறு பெட்டிக்குள் கொண்டுவந்தது 1920களில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் நடத்திய நிறுவனம். அதற்கு முன்பு ஃபியூஸ் கம்பிதான் கதி.

பட்டைக்கு மின்னோட்டம் தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும். தன் வழியாக ஓடும் மின்சாரத்தால் வந்த சூடா, பக்கத்துச் சகோதரன் மூச்சுவிட்ட சூடா, தலைமாட்டில் உள்ள ஸ்க்ரூவிலிருந்து கடத்தப்பட்ட சூடா என்று அது விசாரிக்காது. உங்கள் எண்ணம் சரி: தளர்ந்த இணைப்பால் மின்னோட்டம் துளியும் அதிகரிக்காது. அதனால்தான் அது ஆபத்து. சுவர்ச் செருகியிலோ ஹீட்டரின் முனையிலோ இணைப்பு தளர்ந்து பழுக்கக் காய்ந்தாலும் எம்.சி.பி.க்குத் தெரியாது. கசிவு இல்லை என்பதால் ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. மாடிவீட்டார் வீட்டில் அந்தத் தளர்வு எம்.சி.பி.யின் மடியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். சூடு பட்டைக்கு எட்டுகிறது, எனவே விழுகிறது. அது இவருடைய நல்ல காலம்.

மூன்றாம்கண்:

எண்களோடு சொன்னால் சிலருக்கு உறைக்கும். 20 ஆம்பியர் எம்.சி.பி.யில் முழு மின்னோட்டம் ஓடும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலுக்கு அந்தத் தரமே உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஒரு துருவத்துக்கு 4.5 வாட். 13 ஆம்பியர் ஓடினால் மின்னோட்டத்தின் வர்க்கப்படி அது 2 வாட்டுக்கும் கீழே வந்துவிடும். இப்போது ஸ்க்ரூவுக்கு அடியில் 50 மில்லி ஓம் மின்தடை இருக்கிறது என்று வையுங்கள். 13ஐ 13ஆல் பெருக்கி 0.05ஆல் பெருக்கினால் எட்டரை வாட். நெல்லிக்காய் அளவு இடத்தில், வழக்கமான சூட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். 50 மில்லி ஓம் என்பதைச் சாதாரண மல்டிமீட்டர் பூஜ்யம் என்றே காட்டும். ஆகவே "மீட்டரில் பார்த்தேன், தொடர்பு இருக்கிறது" என்று யாரும் வர வேண்டாம்.

எலக்ட்ரீஷியனிடம் மில்லிவோல்ட் சோதனை செய்யச் சொல்லுங்கள். சுமை ஓடும்போது, பஸ்பாருக்கும் எம்.சி.பி.யிலிருந்து வெளியே போகும் ஒயருக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்ப்பது. அதே அளவு சுமையில் உள்ள இன்னொரு எம்.சி.பி.யோடு ஒப்பிட்டால் நோயாளி யார் என்று தெரிந்துவிடும். மின்சாரம் உள்ள நிலையில் செய்யும் சோதனை இது. பழக்கம் இல்லாதவர் கையில் எடுக்க வேண்டாம்.

துப்பாக்கி வடிவ வெப்பமானியை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். பளபளக்கும் செம்பும் தகரமும் தங்கள் சூட்டை ஒளித்துக்கொள்ளும். 90 டிகிரியில் இருப்பதை 40 என்று காட்டும். எம்.சி.பி.யின் மங்கலான பிளாஸ்டிக் முகத்தைக் குறிவைத்தால் ஓரளவு உண்மை தெரியும்.

மாடிவீட்டான்:

அனைவருக்கும் நன்றி. ஹீட்டரை அணைத்துவிட்டேன். ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், வெட்கத்தால்தான்: இரண்டு நாட்களாகப் பெட்டிக்கு அருகில் மீன் வாடை போல ஒன்று வருகிறது. பூனை எதையோ கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று நினைத்து அந்த மூலை முழுவதும் தேடினேன்.

குறடு போட்டு முறுக்கியும் எப்படித் தளரும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு நானே திறந்து பார்க்கலாமா?

கம்பிச்சுருள்:

பூனையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அது பிளாஸ்டிக் வேகும் வாடை.

நீங்களே திறப்பது பற்றி: மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதன் மேல் முனைக்கு வரும் ஒயர்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியின் முன்தகட்டைக் கழற்றியதும் உங்கள் விரலிலிருந்து அது சில அங்குல தூரம்தான். நியான் டெஸ்டர் எரியவில்லை என்பது மின்சாரம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இரண்டு முனை உள்ள சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, தொடப்போகும் இடத்தில் பார்க்க வேண்டும். திரும்பவும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து, இடையில் அது செத்துப்போகவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். இந்த மூன்று படிகளும் ஏற்கெனவே பழக்கத்தில் இல்லாதவர், வாடை வரும் பெட்டியில் அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கக் கூடாது. பல நாடுகளில் இந்தப் பெட்டியில் கை வைக்க உரிமம் வேண்டும். தகுதி பெற்றவரை அழையுங்கள். நான் இங்கிருந்து ஊகிக்கிறேன், அவர் வந்து பார்க்கட்டும்.

என் ஊகம் இதோ. எம்.சி.பி. முனைக்குள் ஒரு சிறு உலோகக் கூண்டு இருக்கிறது. ஸ்க்ரூவைத் திருகினால் கூண்டு மேலேறி, உள்ளே இருப்பதை மேல்தகட்டோடு சேர்த்து அழுத்தும். கூண்டை முழுவதும் கீழே இறக்காமல் பஸ்பாரின் பல்லைச் செருகினால், அது கூண்டுக்குள் போகாமல் கூண்டுக்குப் பின்புறமாக நழுவிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமாக இருக்கும். ஸ்க்ரூவும் நன்றாக இறுகும், ஏனென்றால் வெறும் கூண்டு மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. பல் மட்டும் ஓரமாகத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஒயரிலும் இதே விபத்து நடக்கும், ஆனால் ஒயரை இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிடும். பஸ்பாரை ஐந்து பற்கள் பிடித்துக்கொண்டிருக்க, ஆறாவது பிடிபடவில்லை என்பதை இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பஸ்பாரை மாட்டும் முன்பு ஒவ்வொரு ஸ்க்ரூவையும் இடப்பக்கம் கடைசிவரை திருகி, உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஆறும் ஒரே தயாரிப்பா? ஒரு தயாரிப்பின் பஸ்பார் இன்னொன்றின் முனை உயரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒவ்வொன்றும் 18 மி.மீ. அகலம், 35 மி.மீ. தண்டவாளத்தில் உட்காரும் என்பது வரைதான் ஒற்றுமை.

மாடிவீட்டான்:

ஐந்து ஒரே தயாரிப்பு. மூன்றாவது மட்டும் வேறு. கையில் இருந்தது, போட்டுவிட்டேன்.

மூன்றாம்கண்:

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும்.

நெம்புகோல்:

குறடு பிடித்தது பற்றி என் கருத்து: ஸ்க்ரூவைக் கை உணர்வோடு நன்றாக முறுக்கினால் போதும். முப்பது ஆண்டுகளாகக் கருவி இல்லாமல் எத்தனையோ எலக்ட்ரீஷியன்கள் முறுக்கியிருக்கிறார்கள். டார்க் ரெஞ்ச் சக்கரத்துக்குச் சரி. இவ்வளவு சிறிய ஸ்க்ரூவுக்கு டார்க் ஸ்க்ரூ டிரைவர் என்பது கொஞ்சம் ஆடம்பரம்.

கம்பிச்சுருள்:

நீங்கள் இப்படிச் சொல்வது வேடிக்கை, ஐயா. நட்டுக்கு எண் வேண்டும், ஸ்க்ரூவுக்குக் கை போதுமா? பல எம்.சி.பி.களின் பக்கவாட்டிலேயே எண் அச்சிட்டிருக்கிறது, பெரும்பாலும் 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர். ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் கையால் அழுத்தித் திருகினால் ஏறக்குறைய அந்த அளவுதான் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 15 செ.மீ. குறடால் தண்டைப் பிடித்துப் பத்துக் கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளினால் 15 நியூட்டன் மீட்டர். ஆறு மடங்கு. கூண்டு நெளியும், மரை வழியும், பிளாஸ்டிக் விரியும், செம்பு இழைகள் நசுங்கி அறுபடும்.

நான் என் கையை நம்பிக்கொண்டிருந்தவன்தான். ஒருநாள் டார்க் ஸ்க்ரூ டிரைவர் வாங்கிச் சோதித்தேன். காலையில் என் கை 2.4 காட்டியது, பன்னிரண்டாவது பெட்டிக்கு வரும்போது 1.3. கை களைத்துவிடுகிறது, களைத்தது அதற்கே தெரிவதில்லை.

நெம்புகோல்:

அந்த 1.3 எனக்குப் பதில். ஒப்புக்கொண்டேன்.

புதுவரவு:

பல இழை ஒயர் முனையில் ஈயம் பற்றவைத்துவிட்டால் நன்றாக இறுகும் என்று படித்தேனே?

கம்பிச்சுருள்:

செய்யாதீர்கள். அழுத்தத்தின் கீழ் பற்றாசு மெல்ல மெல்ல வழிந்து ஒதுங்கும். இன்று இறுகியிருப்பது சில மாதங்களில் தளர்ந்துவிடும். நுண்ணிய இழை உள்ள ஒயருக்குக் குழல் வடிவப் பின் லக் போட்டு, அதற்குரிய குறடால் நசுக்குங்கள். அலுமினிய ஒயர் என்றால் அதற்கென்று குறிக்கப்பட்ட முனைகள் மட்டுமே. அதன் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தை விடாது, அழுத்தத்தில் உலோகமே ஊர்ந்து நகரும்.

இழைக்காவலர்:

அலுமினியம் பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே பெட்டியோடு நிற்கவும்.

மாடிவீட்டான்:

எலக்ட்ரீஷியன் வந்து போனார். சொல்கிறேன்.

ஊகம் சரி. மூன்றாவது எம்.சி.பி.யின் முனை உயரம் மற்றவற்றைவிட இரண்டு மில்லிமீட்டர் போல வித்தியாசப்பட்டது. பஸ்பாரின் பல் கூண்டுக்குப் பின்னால் நின்றிருந்தது. அவர் ஸ்க்ரூவைத் தொட்டு, "இது நன்றாக இறுகியிருக்கிறதே" என்றுதான் முதலில் சொன்னார். பஸ்பாரை உருவியபோது ஐந்து பற்கள் செம்பு நிறத்தில் இருந்தன, மூன்றாவது கறுத்து நீலம் பாய்ந்திருந்தது. எம்.சி.பி.யின் தோள் பழுப்பாகி உருகியிருந்தது. அதனோடு, என் குறடு வேலையால் ஐந்தாவது எம்.சி.பி.யின் உடலில் மயிரிழை விரிசல், ஆறாவதன் ஸ்க்ரூ தலை வழிந்துபோயிருந்தது. மூன்றையும் அதே தயாரிப்பில் புதிதாகப் போட்டு, பஸ்பாரையும் மாற்றி, வெட்டிய முனையில் மூடி மாட்டினார். மூடியை நான் குப்பையில் போட்டிருந்தேன், அது பொட்டலத்தோடு வந்த அலங்காரம் என்று நினைத்து.

டார்க் ஸ்க்ரூ டிரைவர் அவரிடம் இருந்தது. நியூட்ரல் லிங்க்கில் (நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டை) இருந்த ஸ்க்ரூக்களையும் பார்த்தார். இரண்டு தளர்ந்திருந்தன. அவற்றை நான் தொடவே இல்லை, பேஸ் மட்டும்தான் முக்கியம் என்று விட்டுவிட்டேன்.

கார்: டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கினேன். நான்கு நட்டுகள் 'க்ளிக்' என்று நின்றன. ஐந்தாவது முறுக்க முறுக்கப் போய்க்கொண்டே இருந்தது, க்ளிக் வரவில்லை.

நெம்புகோல்:

நிறுத்துங்கள். போல்ட் நீண்டுவிட்டது. அதையும் நட்டையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

கம்பிச்சுருள்:

நியூட்ரலைப் பார்த்தாரே, கெட்டிக்காரர். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் பொது நியூட்ரல் விட்டுப்போனால், 230 வோல்ட்டில் ஓடும் சாதனங்களின் மீது 400 வோல்ட்டை நெருங்கும் அளவு ஏறிவிடலாம். ஒரு நொடியில் வீட்டில் உள்ள பாதிப் பொருள்கள் போய்விடும்.

எடுத்த எம்.சி.பி.களை உதிரிப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். ஒருநாள் அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். மூன்றாவது அப்படித்தான் உங்கள் வீட்டுக்குள் வந்தது.

மாடிவீட்டான்:

உருகியதன் ரிவெட்டுகளைத் துளைத்துத் திறந்து பார்த்தேன். கம்பிச்சுருள், ஈருலோகப் பட்டை, பொறியைத் துண்டு துண்டாக வெட்டி அணைக்கும் இரும்புத் தகடுகளின் அடுக்கு, எல்லாம் புதிது போல இருந்தன. பல் தொட்டுக்கொண்டிருந்த இடம் மட்டும் கரி. மற்ற இரண்டையும் சுத்தியலால் உடைத்துப் போட்டுவிட்டேன். பிரேக்கர் பாரைக் கையில் எடுக்கவே இல்லை.

போல்ட் மாற்றியாயிற்று. ஐந்தும் க்ளிக். நேற்று ஹீட்டர் ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது. எம்.சி.பி.யின் முகத்தில் கை வைத்தால் இளஞ்சூடுதான். தெர்மோஸ்டாட் தானாகவே நிறுத்தியது.

நெம்புகோல்:

வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?

மாடிவீட்டான்:

62. இன்று மாலை ரெஞ்சோடு ஒருமுறை சுற்றி வருகிறேன்.